சண்டைக் காட்சிக்கு ஒரு வீச்சரிவாள், எடை 150 கிராம்

தாராவியில் எங்கள் பக்கத்துப் பசங்க ஒரு குறும்படம் எடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பங்காளிச் சண்டைதான் கதை, அதனால் அரிவாள் இல்லாமல் முடியாது. ஊரிலிருந்து வந்த நிஜ அரிவாள் ஒன்று வீட்டில் கிடக்கிறது, வாய் மழுங்கியதுதானே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழுங்கிய இரும்பும் எலும்பை உடைக்கும். பத்தாவது டேக்கில் கை சோர்ந்தவரின் வீச்சு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று செய்து கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

வேண்டியவை: 6 மில்லிமீட்டர் இ.வி.ஏ. ஷீட், ஓர் அங்குல அகல மூங்கில் பட்டை, பழைய செய்தித்தாள், துணி டேப், புது பிளேடு போட்ட கட்டர், உப்புத்தாள், ஃபெவிகால், செருப்புப் பட்டறையின் மஞ்சள் பசை, கறுப்பு, வெள்ளி, பழுப்பு அக்ரிலிக் பெயின்ட். இ.வி.ஏ. என்பது ரப்பர் செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் அதே ஃபோம் ஷீட்தான். குர்லா தக்கர் பாப்பா காலனியில் செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். யோகா பாய் வேண்டாம், தொளதொளவென்று மடங்கும்.

வெட்டுவது

முதலில் செய்தித்தாளில் வடிவத்தை வரையுங்கள். அரிவாளுக்கு முதுகு நேராக வந்து, மூக்குப் பக்கம் வளைய வேண்டும். அந்த வளைவு சரியாக வந்தால் பாதி வேலை முடிந்தது. ஷீட்டில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் ஓரம் பிசிறும். கட்டரை நிமிர்த்திப் பிடித்து, அதே கோட்டில் மூன்று முறை இழுங்கள்.

ஒட்டுவது

நடுவில் மூங்கில் பட்டை வரும். அதன் நுனியை உருட்டித் தேய்த்து, முழுக்கத் துணி டேப் சுற்றுங்கள், சிலாம்பு வெளியே வரக்கூடாது. பட்டை மூக்கு வரை போகவே கூடாது. வளைவு தொடங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள், கடைசி நாலு விரல்கடை வெறும் ஃபோமாகத்தான் இருக்க வேண்டும்.

மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது. அதனால் நடுவே ஒரு தாளை வைத்து, ஒரு முனையைப் பொருத்தியபின் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொள்ளுங்கள். இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும். பத்துக்குப் பத்து அறையில், பக்கத்தில் அடுப்பு எரியும்போது திறக்காதீர்கள். மாடிக்குப் போய்விடுங்கள்.

பிடிக்குச் செய்தித்தாளில் ஃபெவிகால் தடவி, பட்டையின் மீதே இறுகச் சுற்றுங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் சுற்றினால் பூண் ஆகிவிடும்.

வாய் தேய்ப்பது

வாய்ப்பக்கம் கட்டரால் சரிவாகச் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். கூராக்க வேண்டாம். 3 மில்லிமீட்டர் தடிமனில் மழுங்கலாக இருந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. பிறகு ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நாலு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை ஈரத்தில் ஒரு பூச்சுக்கு ஒரு நாள்கூட ஆகும், ஷூட்டிங் தேதியைப் பார்த்துத் தொடங்குங்கள்.

பெயின்ட்

முழுக்க வெள்ளி அடித்தால் அது கல்யாணச் சாப்பாட்டு ஃபாயில் மாதிரிதான் தெரியும். நிஜ அரிவாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகும் உடலும் உலையில் வெந்த கறுப்பு. சாணை பிடித்த வாய் மட்டும், சுண்டுவிரல் அகலத்துக்கு, வெளுத்துப் பளபளக்கும். இரும்பு என்று கண்ணை நம்பவைப்பது அந்தக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே உள்ள எல்லைதான்.

அதனால் முதலில் எல்லாம் கறுப்பு. காய்ந்ததும் காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளியைத் தொட்டு, பேப்பரில் துடைத்து, ஒன்றுமில்லாத மாதிரி ஆன பிறகு வாய்ப்பக்கம் மட்டும் குறுக்கே தேயுங்கள், சாணைக் கோடுகள் தானாக வரும். பூண் ஓரத்தில் பழுப்பைத் தண்ணியாக விட்டு உடனே துடைத்தால் துரு. பளபளக்கும் வார்னிஷ் போடாதீர்கள், லைட் பட்டால் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

என் சமையல் தராசில் 150 கிராம் காட்டியது. இவ்வளவு லேசாக இருப்பதால் கை படபடவென்று ஓடும். வீசுவதற்கு முன் தோளைப் பின்னால் இழுக்கவும், வீசிய பிறகு ஒரு நொடி இழுபட்டு நிற்கவும் நடிகருக்குச் சொல்லிக்கொடுங்கள். கனம் அங்கிருந்துதான் வரும்.

அவர் கையில் கொடுப்பதற்கு முன் உங்கள் தொடையில் பத்து முறை அடித்துப் பாருங்கள். வலித்தால் திரும்பப் பிரித்துச் செய்யுங்கள். ஃபோம்தானே என்று முகத்துக்கும் கழுத்துக்கும் வீச விடாதீர்கள், குத்துகிற ஷாட்டும் வேண்டாம், உள்ளே மூங்கில் இருக்கிறது.

லோக்கல் ட்ரெயினில் கொண்டுபோனால் துணியில் சுற்றிப் பைக்குள் மூடி வையுங்கள். தெருவில் ஷூட்டிங் என்றால் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், தூரத்தில் பார்ப்பவருக்கு அது நிஜ அரிவாள்தான். படம் முடிந்ததும் தகரக் கூரைக்கடியில் பரணில் போட்டால் வெயில் சூட்டில் வளைந்துவிடும். பிடியில் கயிறு கட்டி, நிழலான சுவரில் ஆணியில் தொங்கவிடுங்கள்.