அமெரிக்க காங்கிரஸ் அலுவலகம்: தேர்தல் நிதியை விலக்கி வைப்பது எப்படி

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால், தேர்தல் நிதியிலிருந்து முதலில் பிரிக்க வேண்டியது அலுவலகத் தொலைபேசியை. அரசு எண்ணிலிருந்தோ அரசு மின்னஞ்சலிலிருந்தோ நன்கொடை கேட்காதீர்கள். கைபேசி சொந்தமானதாக இருந்தாலும், நிற்கும் அறை அரசுடையது என்றால் குற்றம்தான்: 5,000 டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. உறுப்பினர்கள் கட்டடத்தை விட்டு இறங்கி, கட்சி அலுவலகத்துக்குப் போய் அழைப்பது இதனால்தான்.

பலர் தடுமாறும் இடம் தபால். யாரும் கேட்காமலே உறைக்குள் காசோலை வந்து விழும். பதற வேண்டாம். வந்த தேதியைக் குறித்து, 7 நாளுக்குள் உறுப்பினரின் தேர்தல் பிரச்சாரக் குழுவிடம் சேர்த்துவிடுங்கள். அதே உறையில் ஓய்வூதியம் நின்றுபோனதாக ஒரு மனுவும் இருக்கலாம். மனுவை மட்டும் தனியே எடுத்து வழக்கம்போல் கவனியுங்கள். பதிலில் காசோலையைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது. நன்றி சொன்னால்கூட பணத்துக்கு வேலை நடந்ததாகவே படிக்கப்படும். ரொக்கம் என்றால், ஒருவரிடமிருந்து 100 டாலருக்கு மேல் பிரச்சாரக் குழு ஏற்கக்கூடாது.

ஊழியர் வேலை நேரத்துக்குப் பிறகு, தாமே விரும்பினால், பிரச்சாரத்தில் உழைக்கலாம். எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று எழுதி வைப்பது நல்லது. ஆனால் தமக்கு வேலை கொடுத்த உறுப்பினருக்கு நன்கொடை தரக்கூடாது, மனமுவந்து கொடுத்தாலும் சரி.

மனு கொடுத்தவர்களின் முகவரிப் பட்டியல் பிரச்சாரத்துக்குப் போகக்கூடாது. உறுப்பினர் போட்டியிடும் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் அரசுச் செலவில் ஒரே கடிதத்தைப் பலருக்கு அனுப்பும் மொத்த அஞ்சலும் கிடையாது.