பாரிமுனையில் தெரு பார்த்து வாங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கிவைத்த மறுநாளே தி. நகருக்கு ஓடுகிறார்கள். ஒன்றிரண்டு உருப்படி வாங்க அது சரி. கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ டஜன் கணக்கில் வாங்குவதென்றால் பாரிமுனையும் அதைச் சுற்றிய வடசென்னையும்தான். விமான நிலையத்தில் ஏறினால் உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை ஒரே மெட்ரோ. காரில் வராதீர்கள்; நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

இங்கே கடைப் பெயர் தேவையில்லை, தெருப் பெயர் போதும். துணிக்கு கோடவுன் தெரு, கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு, நாட்டு மருந்துக்கு கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கிற ராசப்ப செட்டி தெரு, பட்டுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. மொத்தக் கடையில் "எத்தனை பீஸ்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒன்று போதும் என்றால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். உறவுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். காலையில் முதல் ஆளாகப் போய் விலை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தால் முகம் சுளிப்பார்கள், போணி நேரம். வாங்குகிற எண்ணம் இருந்தால் அதே போணி நமக்குச் சாதகம், அவர்களே கொஞ்சம் குறைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும்.

எல்லாரும் ஜிபே என்பார்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் ரொக்கம் வைத்திருங்கள். போன தடவை மிச்சம்பிடித்த 2000 ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள், 2023 மே மாதமே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள்.

அப்புறம் கருவாடு. காசிமேட்டுப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. நெத்திலியை எடுத்து ஒடித்துப் பாருங்கள், சட்டென்று ஒடியவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது: எடைக்கு எடை தண்ணீருக்கும் காசு கொடுப்பீர்கள், பெட்டியில் பூஞ்சையும் பிடிக்கும். கைப்பிடி அள்ளி உதறினால் மணல் கொட்டுகிறதா என்று பாருங்கள். வஞ்சிரத் துண்டில் மஞ்சள் ஏறி, காறல் வாடை அடித்தால் பழசு. "அக்கா, வெளியூர் எடுத்துப் போறேன், நல்லா காஞ்சதா குடுங்க" என்று சொல்லிவிடுங்கள்; வேறு கூடையிலிருந்து எடுத்துத் தருகிறவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் இன்னொரு வெயில் காட்டி, செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பாலித்தீன் உறைக்குள் காற்றுப் போகாமல் ஒட்டினால் பெட்டித் துணியெல்லாம் தப்பிக்கும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுபோகலாம். பால்கோவாவுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஆகவே சௌகார்பேட்டைப் பால் இனிப்புகளை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் உணவு எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டவேண்டும், மறைத்தால் அபராதம். பெயர் ஒட்டாத மூலிகைப் பொடி எந்த நாட்டிலும் கேள்வியைக் கிளப்பும். கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். தீப்பற்றும் சரக்கு என்று எடுத்துவிடுவார்கள்.

பழைய பித்தளை விளக்கோ சிலையோ வாங்கினால் வயதைக் கேளுங்கள். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் விடாது. புதுசுதான் என்றால் பில் கேட்டு வாங்கி, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.