பதினாறு வயதுக்காரர்களின் தேடலைப் பதினாறு வயதுக்காரர்களோடு வாசிப்பது எப்படி

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்கிற பிள்ளையிடம் "நீ எந்த ஊர்க்காரி?" என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. வீட்டில் தமிழ், பள்ளியில் பலருக்கு மலையாளம், பொள்ளாச்சியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் "கேரளாக்காரங்க", பாலக்காட்டில் பஸ் ஏறினால் யாராவது ஒருவர் வாயிலிருந்து "பாண்டி", அதாவது தமிழரை மட்டமாகச் சொல்கிற சொல். நானும் இப்படி வளர்ந்தவள்தான். அதனாலேயே எங்கள் ஊர் வாயனசாலையின் (நூலகத்தின்) பின்னறையில் ஞாயிறு சாயங்காலம் எட்டு ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்து, 'நான் யார், எதுக்காக இருக்கேன்' என்று இளம் வயதில் தேடியவர்களின் கதைகளை வாசிக்க ஆரம்பித்தேன். உங்கள் ஊரிலும் செய்ய ஆசைப்பட்டால், எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன்.

முதல் வேலை, முடிவை மறைத்து வைப்பது. நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் "பெருந்தலைவர் இன்னார் இங்கே பிறந்தார்" என்று தொடங்குகின்றன. முதல் வரியிலேயே அவர் பெரியவராகிவிட்டார், அப்புறம் தேடல் எங்கே இருக்கிறது? பிள்ளைகளின் வயது வரைக்கும் மட்டும் கதையைச் சொல்லி அங்கேயே நிறுத்துங்கள்.

நான் எப்போதும் ஜீவாவில்தான் தொடங்குவேன், ஆனால் அந்தப் பெயரை எடுத்தவுடனே சொல்ல மாட்டேன். 1907-இல் பூதப்பாண்டியில் ஒரு பையன் பிறக்கிறான், அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது, வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. சாதிக் கட்டுப்பாடு பிடிக்காமல் வீட்டோடு முரண்பட்டு வெளியேறுகிறான். வைக்கம் போராட்டத்துக்குப் போகிறான். கதர் கட்டுகிறான், செட்டிநாட்டுப் பக்கம் சிராவயலில் ஆசிரமம் நடத்துகிறான், 1927-இல் காந்தி அங்கே வந்து அவனைப் பார்க்கிறார். நடுவில் தனித்தமிழ் மேல் பிடிப்பு வந்து, அப்போது வழங்கிய ஜீவானந்தம் என்ற தன் பெயரையே உயிரின்பன் என்று மாற்றிக்கொள்கிறான். இங்கே நிறுத்திவிட்டு, "இவன் அடுத்து என்ன ஆவான்?" என்று கேளுங்கள். சாமியார் என்பார்கள், தமிழாசிரியர் என்பார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் என்று இதுவரை ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. அவருக்கே அப்போது தெரியாது என்று நீங்கள் சொல்லும்போது அறையில் ஒரு நிம்மதி பரவுவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அதே வாரம் பெயர்களைப் பற்றிப் பேசுங்கள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி, பாட்டி கூப்பிடுவது வேறொன்று என்று எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர் இருக்கும். அதில் எது தன்னுடையதாகப் படுகிறது என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் நடுவில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்தது மணிமேகலை. இதற்கு நாலு வாரமாவது ஒதுக்குங்கள், எனக்கு ஆறு வாரம்கூட ஆகியிருக்கிறது. முதலில் கதையை உரைநடையில் சொல்லிவிட்டு, முப்பது காதைகளில் நாலைந்தை மட்டும் மூலத்தோடு வாசித்தால் போதும். பலர் இந்தப் பெண்ணைப் பிறந்ததிலிருந்தே துறவி மாதிரி சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இளவரசன் உதயகுமரன் தன்னை இழிவாகப் பேசிய பிறகும் "புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்" என்று அவள் சுதமதியிடம் சொல்கிறாள், மனசு அவன் பின்னால் போய்விட்டது, இதுதான் காமத்தின் இயல்பா என்று கேட்கிறாள். இந்த இடத்தை ஒளிக்காமல் வாசித்துவிட்டால் அப்புறம் பிள்ளைகள் உங்களை நம்புவார்கள். ஆசையே இல்லாதவள் எதையும் தேட வேண்டியதில்லையே.

அவள் எதை மறுக்கிறாள் என்பதை முதலில் பட்டியல் போடச் சொல்லுங்கள். மாதவியின் மகளுக்கு ஊர் எழுதி வைத்திருந்தது நாட்டிய மேடை, அது வேண்டாம். அரண்மனை வாழ்க்கை வேண்டாம். எது வேண்டும் என்பது மணிபல்லவத்தில் அமுதசுரபி கையில் வந்த பிறகும் முழுசாகத் தெளியவில்லை. பசித்தவர்களுக்குச் சோறு போடத் தொடங்குகிறாள், அந்த வேலையிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக வழி திறக்கிறது. சிறைக்கோட்டத்துக்குள் தானே போய் அங்கே இருப்பவர்களுக்கும் சோறு போடுகிறாள், பிறகு அந்தச் சிறைக்கோட்டமே அறக்கோட்டம் ஆகிறது. "எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியல அக்கா" என்று சொல்கிற பிள்ளைக்கு, தெரிந்த பிறகுதான் வேலையைத் தொடங்கணும் என்றில்லை என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

வஞ்சிக் காட்சியைக் கட்டாயம் வாசியுங்கள், அது சேர நாடு, நம் பக்கம். வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அதில் நேரம் போக்க வேண்டாம். இளம்பெண் என்று உனக்கு யாரும் மெய்ப்பொருளைச் சொல்ல மாட்டார்கள், வேற்றுரு எடுத்துப் போ என்று மணிமேகலா தெய்வம் முன்பே மந்திரம் கொடுத்திருக்கிறது. அவளும் ஒரு மாதவன் (பெரிய தவசி) வடிவத்தில் போய்ச் சமயக்கணக்கர் (வெவ்வேறு சமயத்து அறிஞர்) ஒவ்வொருவரிடமும் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். அந்தத் தத்துவ விளக்கங்கள் பதினைந்து வயதுக்குப் பாரம், விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு தாளில், "யாருக்கும் அடையாளம் தெரியாமல் போக முடிந்தால் யாரிடம் போய் என்ன கேட்பாய்?" என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு பெண், பையன் வேஷத்தில் அண்ணனின் கூட்டாளிகளோடு டீக்கடையில் உட்கார்ந்து, கோயம்புத்தூர் காலேஜுக்கு எப்படி விண்ணப்பம் போடுவது என்று கேட்பேன் என எழுதியிருந்தாள். அந்த விவரம் அவளுக்கு வேண்டியிருந்தது, அவளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே உட்கார்ந்து அவளோடு விண்ணப்பம் போட்டோம்.

நாராயணகுருவுக்கு ஒரு வாரம் போதும். கேரளத்தில் எத்தனையோ சுவர்களில் அவர் படம் தொங்குகிறது, ஆனால் அவர் தமிழிலும் பதிகம் பாடியவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, சொன்னால் முகம் மலரும். 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்வதற்கு முன்னால் அலைந்த காலம் ஒன்று அவருக்கு உண்டு, கன்னியாகுமரிப் பக்கம் மருத்துவாமலையில் தங்கித் தவம் செய்தது அப்போதுதான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பையன் சும்மா இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள்.

வாஞ்சிநாதனை எடுப்பதாக இருந்தால் யோசித்து எடுங்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில், அவர் வேலை பார்த்ததும் திருவிதாங்கூரின் வனத்துறையில், புனலூரில். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார், வயது 25. அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை முழுசாகப் படியுங்கள், அதில் நாட்டுப்பற்றும் இருக்கிறது, சனாதன தர்மத்துக்கு ஆபத்து என்ற கோபமும் இருக்கிறது, இரண்டில் ஒன்றை மட்டும் காட்டினால் அது பொய். ரயில் பெட்டியில் ஆஷின் மனைவியும் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொல்லுங்கள். குழுவில் மனசு சோர்ந்து இருக்கிற பிள்ளை யாராவது இருந்தால் இந்த வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

சில நடைமுறை விஷயங்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டாதீர்கள், கடைசி பஸ்ஸை மனதில் வையுங்கள். தமிழ் நன்றாகப் பேசுகிற, ஆனால் மலையாள எழுத்து மட்டுமே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இங்கே நிறைய, அவர்களுக்குத் தமிழ் வரிகளை மலையாள எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். முதல் இரண்டு மாதத்தில் அவர்களே தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க ஆசைப்படுவார்கள், அதுவரை அவசரப்படுத்தாதீர்கள். "வாழ்க்கையில உன் லட்சியம் என்ன?" என்ற கேள்வியை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், மனப்பாடமான பதில்தான் வரும், டாக்டர் கலெக்டர் என்று. இந்தக் கதையெல்லாம் படித்துப் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிற அப்பா அம்மா உண்டு, அவர்களையும் ஒரு வாரம் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

கடைசி வாரத்துக்கு வீட்டுப் பாடம் ஒன்று: வீட்டில் வயதான ஒருவரிடம், "பதினாறு வயசில் நீங்க என்ன ஆகணும்னு நினைச்சீங்க?" என்று கேட்டு, எந்த எழுத்தில் வருகிறதோ அதில் எழுதி வரணும். போன முறை ஒரு பையன் அவன் அம்மாச்சியிடம் கேட்டான். உடுமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல சாமி" என்றாராம். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார், அவன் பதினோரு பக்கம் மலையாள எழுத்தில் தமிழாக எழுதிக்கொண்டு வந்தான். அந்த மாதிரி நோட்டுகளை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், வாசித்துக் கேட்டுவிட்டு அவர்களிடமே கொடுத்து அனுப்புங்கள்.