பாதியில் இருக்கும் பின்னல் வேலையைப் பகிர்வது எப்படி? படத்தோடு போட வேண்டிய விவரங்கள்

குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்), நிட்டிங் (இரட்டை ஊசிப் பின்னல்) வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி நடப்பதுதான். ஒருவர் பாதி முடிந்த ஸ்வெட்டரின் படத்தைப் போடுவார். வரிசையாக இதயங்கள் விழும். அப்புறம் யாராவது, "அக்கா, என்ன நூல்? ஊசி எத்தனாம் நம்பர்?" என்று கேட்பார்கள். அக்கா பார்த்துப் பதில் போடுவதற்குள் கேள்வி குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போயிருக்கும்.

பகிர்வதை வைத்து இன்னொருவர் அதே வேலையைச் செய்ய முடிய வேண்டும், அல்லது நாம் மாட்டிக்கொண்ட இடத்தில் கைகொடுக்க முடிய வேண்டும். அதற்கு நான் பின்பற்றும் முறை இது. குரோஷாவில் சங்கிலி போட, நிட்டிங்கில் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைத் தையல்களும் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அவிழாமல் பார்த்துக்கொண்டு படம் எடுங்கள்

குரோஷா என்றால் கடைசிக் கண்ணியைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து, ஸ்டிட்ச் மார்க்கரை (தையலை அடையாளம் வைக்கும் சின்ன வளையம்) மாட்டிவிட்டு ஊசியை எடுத்துவிடுங்கள். மார்க்கர் இல்லையென்றால் சேஃப்டி பின் போதும். நிட்டிங்கில், நேர் ஊசியில் நெருங்கிக் கிடக்கும் வேலையின் உண்மையான அகலம் படத்தில் தெரியாது. வேறு நிறத்தில் வழவழப்பான நூலைத் தையல் ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் விட்டு, பின்னல் ஊசியை உருவிவிட்டு விரித்து வையுங்கள்.

ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம். டியூப்லைட்டில் மெரூன் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் வரும். ஃபிளாஷ் போட்டால் தையல்களின் மேடு பள்ளம் போய் எல்லாம் தட்டையாகிவிடும். முழு வேலைக்கு ஒரு படம், தையல் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல். இவ்வளவுதான். பூந்தொட்டி, காபிக் கோப்பை அலங்காரமெல்லாம் உங்கள் விருப்பம். எனக்கு ஸ்கேல்தான் அழகு.

படி 2: லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள்

நூல்கண்டின் தாளையும் சேர்த்துப் படம் எடுங்கள். நூல் வகை, எடை, மீட்டர், சாய எண் (எந்தத் தொகுதியில் சாயம் ஏற்றியது என்பதற்கான எண்) எல்லாம் அதில் இருக்கும். "4 ப்ளை" என்று மட்டும் எழுதுவது உதவாது. பிரிட்டனில் அது மெல்லிய நூலின் பெயர். அமெரிக்காவில் நான்கு இழை அக்ரிலிக் பெரும்பாலும் அதைவிட நன்றாகத் தடித்த வர்ஸ்டெட் நூலாக இருக்கும். நம் கடைகளில் லேபிளே இல்லாமல் கட்டாக வாங்கிய உல்லன் நூல் என்றால், ஸ்கேலில் இடைவெளி விடாமல், இறுக்காமல் சுற்றி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று எழுதிவிடுங்கள்.

எவ்வளவு நூல் செலவாயிற்று என்பதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். 50 கிராம், 105 மீட்டர் கண்டில் 18 கிராம் மிச்சம் என்றால் செலவானது 32 கிராம். கிட்டத்தட்ட 67 மீட்டர். நூல் பத்துமா என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

படி 3: ஊசி அளவு மில்லிமீட்டரில்

நம்மூரில் பலருக்குப் பழக்கமானது பழைய பிரிட்டிஷ் எண் முறை. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். எண் 8 என்றால் 4 மி.மீ., எண் 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க முறையில் எண் 8 என்பது 5 மி.மீ., எண் 10 என்பது 6 மி.மீ. "10-ஆம் நம்பர்" என்று நீங்கள் எழுதியதை நம்பி ஒருவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு தடித்த ஊசியை எடுத்துவிடலாம். மி.மீ. எழுதினால் பிரச்சினை முடிந்தது. எண் அழிந்துபோன ஊசிக்கு, துளைகள் போட்ட ஊசி அளவி ஒன்று வாங்கி வையுங்கள். விலை உயர்ந்த ஊசிப் பெட்டியை விட முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன்.

படி 4: எந்த நாட்டு டபுள்?

குரோஷாவில் எல்லோரையும் இழுத்தடிக்கும் இடம் இது. நானும் ஒரு மேஜை விரிப்பில் இதில்தான் நாள்கணக்கில் திணறினேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரே தையலுக்கு அமெரிக்காவில் ஒரு பெயர், பிரிட்டனில் ஒரு பெயர். அமெரிக்காவின் சிங்கிள் குரோஷே பிரிட்டனில் டபுள் குரோஷே. அமெரிக்காவின் டபுள், பிரிட்டனில் ட்ரெபிள். பழைய ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக் கற்றவர்கள் பிரிட்டிஷ் பெயரைச் சொல்வார்கள். யூடியூப்பில் கற்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பெயரைச் சொல்வார்கள். இருவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். இருவர் சொல்வதும் சரி. வேலை மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

கையில் இருக்கும் பேட்டர்ன் (வரிசை வரிசையாகச் செய்முறை சொல்லும் குறிப்பு) எந்த முறை என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள். முதலாவது, எங்காவது "சிங்கிள் குரோஷே" என்று வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இரண்டாவது, வரிசை திரும்பும்போது போடச் சொல்லும் சங்கிலியைப் பாருங்கள். 3 சங்கிலி போட்டுத் திரும்பி "டபுள்" என்றால் அமெரிக்க டபுள். 1 சங்கிலி போட்டுத் திரும்பி "டபுள்" என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் டபுள், அதாவது குட்டையான தையல்.

எழுதும்போது பெயரோடு செய்முறையையும் ஒரு வரி சேருங்கள். "நூலைச் சுற்றாமல் நேராக ஊசியை விட்டு, நூலை இழுத்து, ஊசியில் இரண்டு கண்ணி வந்ததும் இரண்டையும் ஒன்றாகக் கழற்றுவது" என்றால் குட்டைத் தையல். "முதலில் நூலை ஒருமுறை சுற்றி, ஊசியை விட்டு இழுத்து, மூன்று கண்ணி வந்ததும் இரண்டிரண்டாகக் கழற்றுவது" என்றால் நெட்டைத் தையல். இப்படி எழுதினால் எந்த நாட்டுப் பெயர் தெரிந்தவருக்கும் புரியும்.

படி 5: 10 செ.மீ. சதுரத்தில் எத்தனை?

பலர் விட்டுவிடும் விவரம். 15 செ.மீ. அளவுக்குத் துண்டு ஒன்று போட்டு, ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து தையல்களையும் வரிசைகளையும் எண்ணுங்கள். அதே ஊசி, அதே நூல் இருந்தாலும் ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. உங்களுக்கு 10 செ.மீ.க்கு 16 தையல் வந்தால் 64 தையலில் 40 செ.மீ. கிடைக்கும். தளர்வாகப் போட்டு 14 தையல் வருபவருக்கு அதே 64 தையல் 45 செ.மீ.யைத் தாண்டிவிடும். சால்வைக்குப் பரவாயில்லை, குழந்தைத் தொப்பிக்கு ஆகாது.

2016-ல் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வைக்காகக் கின்னஸ் சாதனை படைத்தது. பரப்பு 11,000 சதுர மீட்டருக்கும் மேல். பல ஊர்ப் பெண்களின் கைவேலை ஒன்றாக இணைந்தது அது. கிரானி ஸ்கொயர்களை (குரோஷாவில் போடும் சின்னச் சதுரத் துண்டுகள்) ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இணைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஓரங்கள் பொருந்துவது லேசான காரியமில்லை என்று.

படி 6: எங்கே நிற்கிறீர்கள்?

"இன்னும் கொஞ்சம்தான்" என்பது விவரம் இல்லை. "கைப்பகுதி, 34-ஆவது வரிசை, குறைக்க ஆரம்பிக்க வேண்டும்" என்பதுதான் விவரம். இதையெல்லாம் ஒரே இடத்தில் வைக்க நான் சிபாரிசு செய்வது 2007-ல் தொடங்கிய ராவல்ரி என்ற, பின்னல்காரர்களுக்கான இணையதளம். கணக்கு இலவசம். ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பக்கம். நூல், ஊசி, படம் எல்லாம் ஏற்றலாம். செய்துகொண்டிருப்பது, முடிந்தது, கிடப்பில் போட்டது, பிரித்துப்போட்டது என்று நிலையும் குறிக்கலாம். கிடப்பில் போட்டதற்கென்றே ஒரு இடம் வைத்திருக்கிறார்களே, அதற்காகவே எனக்குப் பிடிக்கும். இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் கேட்பவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

பின்சேர்க்கை

"கிட்டத்துப் படம் மங்கலாகப் போகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. எச்.டி. தேர்வை அழுத்துங்கள், அல்லது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கறுப்பு நூலில் தையலே தெரியவில்லை என்றால், வெள்ளைத் துணிமேல் விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, போன் திரையில் பின்னலைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய பேட்டர்னைப் பகிரலாமா என்று ஒரு கேள்வி. உங்கள் வேலையின் படம், நூல், ஊசி, நீங்கள் செய்த மாற்றம் எல்லாம் தாராளமாகப் பகிரலாம். பேட்டர்னின் வரிகளையோ பி.டி.எஃப்.பையோ போடாதீர்கள். வடிவமைத்தவரின் பெயரையும் வாங்கும் இணைப்பையும் போடுங்கள்.