பாடகருக்குத் துணையாகப் போகிறவருக்கு: மட்டக்களப்பு, அம்பாறைக் கோயில் கச்சேரிகள்

பெயர் பெற்ற பாடகர் ஒருவரோடு கூடப் போகிறவருக்கு வேலை ஒன்றுதான்: பாட்டைத் தவிர வேறெதையும் அவர் யோசிக்க வேண்டாதபடி பார்த்துக்கொள்வது. பை தூக்குவது அதில் சிறு பங்கு. நம் பக்கத்தில் இந்த வேலை மிகக் கடினமாவது ஆடி மாதத்தில். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தையொட்டி மட்டக்களப்பு மாமாங்கத்திலும் அம்பாறைத் திருக்கோவிலிலும் ஒரே நாட்களில் திருவிழா நடக்கும். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் காலமும் அதுவே. வெக்கையும் புழுதியும் தொண்டையை வறட்டிவிடும்.

முதல் வேலை, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோடு போனில் கதைப்பது. "எத்தனை மணிக்குக் கச்சேரி?" என்று கேட்டால் நோட்டீஸில் உள்ள நேரத்தைத்தான் சொல்வார். "சுவாமி வெளிவீதி சுற்றி இருப்பிடத்துக்கு வர எத்தனை மணியாகும், ஐயா?" என்று கேளுங்கள். நோட்டீஸில் 9 மணி என்றிருந்தாலும் பதில் 10.30 என்று வரலாம். சாப்பாடு, குளியல், குரல் பழக்கம் எல்லாவற்றையும் அந்த 10.30-இலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒன்பதுக்கென்று தயாரான குரல், ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் காத்திருந்து பழைய நிலைக்கே போய்விடும். அதே அழைப்பில் மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது, ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது, உடை மாற்ற அறை உண்டா என்பவற்றையும் கேட்டு எழுதி வையுங்கள். கண்ணகி அம்மன் கோயிலென்றால் வைகாசிச் சடங்கு நாட்களில் கண்ணகி கதையான வழக்குரை படிக்கும் நேரத்தைத் தனியே விசாரியுங்கள். அந்த நேரத்துக்குள் கச்சேரி நீளக்கூடாது.

கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. அங்கிருந்து அம்பாறை மாவட்டத்துக்கு வீதி மட்டுமே. கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், திருக்கோவில் அதற்கும் தெற்கே. கொக்கட்டிச்சோலைக்கு மண்முனைப் பாலம் இருக்கிறது. பாதை எனப்படும் மிதவையில் வாவியைக் கடக்கும் ஊரானால் கடைசி மிதவை எத்தனை மணிக்கு என்று முன்னரே கேட்டு, திரும்பும் வழியையும் முடிவு செய்யுங்கள். கச்சேரி நடுச்சாமம் தாண்டித்தான் முடியும். வயலினையும் மிருதங்கத்தையும் வெயிலில் பூட்டி நிற்கும் வானுக்குள் விடவே கூடாது. வயலினின் பசை இளகி மூட்டு விடும். மிருதங்கத் தோல் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும். இரவில் கடற்காற்றின் ஈரம் பட்டதும் அதே தோல் தளர்ந்து இறங்கும். ஆகவே பக்கவாத்தியக்காரருக்கு மேடையிலேயே சுருதி சேர்க்க 20 நிமிடம் ஒதுக்குங்கள். பாடகர் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவார் என்பதைப் பயணத்துக்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பெண் குரல் பெரும்பாலும் 5, ஐந்தரை. ஆண் குரல் 1 முதல் 2. ஐந்தரைக்குப் பாடுகிறவருக்கு வேறு கட்டை மிருதங்கம் வந்து சேர்ந்தால் அன்றிரவு திருத்த வழியில்லை.

தண்ணீர் விடயத்தில் பலர் பிழை விடுகிறார்கள். மேடையில் குடிப்பது வாயை நனைக்கும், அவ்வளவுதான். குரல்நாணுக்கு ஈரம் உடம்பின் வழியே போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். காலையிலிருந்தே சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். ஒரு லீற்றர் பிளாஸ்க்கில் இளஞ்சூட்டு நீர் கையோடு இருக்கட்டும். நாக்கில் சுடாத சூடு போதும். பிளேன்ரீ ஒன்றிரண்டு போதும். ஐஸ் போட்ட சோடாவை வரவேற்பு மேசையிலேயே தடுத்துவிடுங்கள். புதினா, மெந்தோல் மிட்டாய்கள் குளிர்ச்சி காட்டினாலும் சிலருக்குத் தொண்டையை உலர்த்தும். தடிமனுக்கான சில மாத்திரைகளும் அப்படியே. அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும் மருந்து, குரலை உரத்துப் பயன்படுத்தும் நாளில் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு கச்சேரிக்கு மூன்று மணி நேரம் முன். இடியப்பமும் சொதியும் வயிற்றுக்கு இலகு. உறைப்புக் கறியை நிறையத் தின்றுவிட்டுப் பாட உட்கார்ந்தால் நெஞ்செரிவோடு புளிப்பு மேலேறி, குரல் கரகரக்கும். உபசரிக்கும் வீட்டில் எருமைத் தயிர்ச் சட்டியும் தேனும் கட்டாயம் வரும். தயிர் உண்டபின் சளி கட்டுவதுபோலப் பலர் உணர்கிறார்கள். மறுக்காமல், "அம்மா, நாளைக்குக் காலமை சாப்பிட எடுத்து வைங்கோ" என்று சொன்னால் யார் மனமும் நோகாது.

மேடையில் ஒரு மணி நேரம் முன்பே நில்லுங்கள். பிரகாசமான பல்பைப் பாடகரின் தலைக்கு மேல் கட்டவிடாதீர்கள். மழை பெய்த இரவில் ஈசல் வாய்க்குள்ளேயே போகும். பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் கட்டச் சொல்லுங்கள். பேன் முகத்துக்கு நேரே வீசக்கூடாது, முதுகுப் பக்கம் வீசட்டும். நுளம்புச் சுருள், சாம்பிராணி, கற்பூரத் தட்டு எல்லாம் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். மைக் வாயிலிருந்து நாலு விரல் முதல் ஒரு சாண் வரை. பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான ஸ்பீக்கர் பெட்டியை மைக்கின் முதுகுப் பக்கம் வைக்காவிட்டால் கூவும். கூவலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எக்கோவை முழுதாகக் குறைக்கச் சொல்லுங்கள். சோதனை ஒழுங்கு: தம்புரா, குரல், வயலின், கடைசியில் மிருதங்கம். சுருதிப் பெட்டியைச் சார்ஜரில் போட்டபடி மைக் முன் வைத்தால் ஜெனரேட்டரின் இரைச்சல் கூடவே கேட்கும், பற்றரியில் ஓட்டுங்கள். சுருதிக்கு வைத்திருக்கும் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இரண்டாவது போனிலும் அதே கட்டையை ஆயத்தமாக வையுங்கள். பிளக் துளை ஊருக்கு ஊர் மாறும்: உருண்டைக் கால், சதுரக் கால் இரண்டுக்கும் மாற்றுப் பிளக் உங்கள் பையில் இருக்கட்டும்.

பாட்டுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மேலே கோயிலின் பெயரும் சுவாமியின் பெயரும் பிழையின்றி இருக்கட்டும்: மாமாங்கேஸ்வரர், தான்தோன்றீஸ்வரர், சித்திரவேலாயுதர். இந்தப் பெயர்களைத் தவறாகச் சொன்னால், நன்றாகப் பாடிய மூன்று மணி நேரமும் அந்தச் சபையில் மறைந்துபோகும்.

குரலை அதிகம் தின்பது பாட்டைவிடக் கதையே. கச்சேரி முடிந்ததும் பொன்னாடை, மாலை, போட்டோ, பிறகு ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் உரத்த பேச்சு. பத்து நிமிடம் போட்டோவுக்கு விடுங்கள். மாலையை வாங்கி வையுங்கள், பூவாசம் சிலருக்குத் தும்மல் தரும். பிறகு "அண்ணன், அக்கா நாளைக்குக் கதைப்பா" என்று நீங்களே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வல்ல, பலருக்கு அது நாணை இறுக்கும். ஓய்வென்றால் வாய் மூடியிருப்பது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீண்டால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். பாடகரின் சுகவீனத்தை ஏற்பாட்டாளருக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். வேறு யாருக்கும் அது உங்கள் வாயிலிருந்து போகக்கூடாது.

பணப் பேச்சு பாடகரின் காதுக்கு எட்டக்கூடாது. முற்பணம் பாதி, மீதி மேடை ஏறுமுன். பக்கவாத்தியக்காரருக்கு அன்றிரவே தனித்தனி உறையில். கொடுத்ததைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் சம்பளம், லீவு நாள், பயணச் செலவு ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். வீட்டுப் பிள்ளைபோல நடத்துகிறார்கள் என்பதற்காக இதை விடுகிறவர்கள் பின்னால் கேட்கவும் முடியாமல், விலகவும் முடியாமல் தவிக்கிறார்கள். நீங்கள் அவருக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு நிற்கிறவர் வண்ணக்கரோடு பொறுமையாகக் கதைக்க மாட்டார்.

வான் புறப்படுமுன் டோர்ச் அடித்து எண்ண வேண்டியவை: தம்புரா, சுருதிப் பெட்டி, இரண்டு போன், பிளாஸ்க், மூக்குக்கண்ணாடி, மருந்துப் பை, பட்டியல் கொப்பி, மாற்றுப் பிளக்.