டர்பினேட் வீக்கத்துக்கான சிகிச்சைகளை ஒப்பிடுவதில் நேரும் தவறுகள்

"மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்ற பேச்சு வழக்கிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. பாலிப் எனப்படும் சதைவளர்ச்சியையும் டர்பினேட் வீக்கத்தையும் நாம் இந்த ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். பாலிப் புதிதாக முளைப்பது. டர்பினேட்டோ, மெல்லிய எலும்பின்மேல் ரத்தக் குழாய்கள் செறிந்த சவ்வு போர்த்திய, மூச்சுக் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும், எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ள உறுப்பு. ஆகவே முழுவதும் வெட்டி எடுப்பதே முழுமையான சிகிச்சை என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

வீங்கியிருப்பது சவ்வா, எலும்பா என்று பார்க்காமல் சிகிச்சைகளை ஒப்பிடுவது அடுத்த தவறு. அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடங்களில் மூக்கு நன்றாகத் திறந்தால் சவ்வின் பங்கு பெரிது. திறக்காவிட்டால் எலும்பையோ, இரு நாசிகளையும் பிரிக்கும் நடுத்தண்டின் வளைவையோ சந்தேகிக்க வேண்டும். ரேடியோ அலைச் சிகிச்சை சவ்வுக்கு அடியிலுள்ள மென்திசுவைச் சுருக்குமே தவிர, பருத்த எலும்பைக் குறைக்காது.

மருந்துகளை ஒப்பிடும்போது பலரும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். சைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்து உடனே வேலை செய்வதால் அதுவே சிறந்தது என்று தோன்றும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை வரவழைக்கும். ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், நான்கே நாளில் "பயனில்லை" என்று கைவிடுவது நியாயமான சோதனை ஆகாது. அடிக்கும் விதமும் முக்கியம்: இடது நாசிக்கு வலது கையால் பிடித்து, முனையை நடுத்தண்டின் பக்கம் அல்லாமல் காதுப் பக்கமாகச் சாய்க்க வேண்டும். தண்டின்மேல் அடித்து ரத்தம் கசிந்த பிறகு மருந்தைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

அறுவைச் சிகிச்சைகளில் முதல் சில மாத முடிவுகளை மட்டும் வைத்து எடை போடுவதே பெரிய பிழை என்பேன், ஏனெனில் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லா முறையுமே மூக்கைத் திறந்துவிடும். இத்தாலியில் 382 பேரிடம் 6 முறைகளை ஒப்பிட்டு, 2003-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது: 6 ஆண்டுகளுக்குப் பிறகும் மூச்சோட்டத்தையும் சளியை நகர்த்தும் சவ்வின் இயக்கத்தையும் சேர்த்துக் காத்தது, மேல் சவ்வை விட்டுவைத்து உள்ளிருப்பதை மட்டும் அகற்றிய முறைதான், டர்பினேட்டை வெளிப்புறமாக ஒதுக்கி வைத்தபோது பலன் இன்னும் கூடியது. லேசரும் மின்சூடும் உறைகுளிரும் அந்த ஒப்பீட்டில் இதற்கு ஈடாகவில்லை. டர்பினேட்டை முழுவதும் நீக்கினால் வழி அகலும், ஆனால் பொருக்கும் வறட்சியும் தொடரலாம். சிலருக்கு, மூக்கு விசாலமாகத் திறந்திருந்தும் காற்றே உள்ளே போகாதது போன்ற மூச்சுத் திணறல் உணர்வு வந்துவிடும். காற்று போவதை நமக்கு உணர்த்துவது சவ்வில் படும் குளிர்ச்சி. அந்தச் சவ்வே போனபின் வழி எவ்வளவு அகலம் என்பதால் என்ன பயன்?

ஒவ்வாமை உள்ளவர்கள் அறுவைச் சிகிச்சையை ஸ்பிரேக்கு மாற்றாக வைத்து ஒப்பிடுவதும் தவறு. கத்தி சவ்வின் பருமனைக் குறைக்கும், ஒவ்வாமையைத் தொடாது. பலருக்கு அதன் பிறகும் ஸ்பிரே தேவைப்படும்.