ஹார்ட்டெயில் வாங்குகிறீர்களா? கியரைப் பிறகு பார்க்கலாம்

மலைப்பாதையில் ஓட்ட முதல் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் குனிந்து பார்ப்பது பின்சக்கரத்துக் கியரைத்தான். எத்தனை கியர், எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்பார்கள். அப்புறம் ஒரு கையால் தூக்கி எடை பார்ப்பார்கள். இரண்டும் திருப்தியாக இருந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று. ஆனால் கியர், செயின், டயர், சீட், பெடல் எல்லாம் தேயக்கூடியவை, எப்படியும் ஒருநாள் மாற்றப் போகிறோம். ஃப்ரேமின் அளவு, அதன் கோணங்கள், அதில் எந்த வகை ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) சக்கரமும் பொருந்தும் என்பவை மட்டும் வாங்குகிற அன்றே முடிவாகிவிடும். மாற்ற முடியாததை முதலில் பார்க்க வேண்டும், மாற்றக்கூடியதைக் கடைசியில் பார்த்தால் போதும். இந்த வரிசை தலைகீழாகிப் போவதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

முன்பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க் இருந்து, பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிள்தான் ஹார்ட்டெயில். கிராஸ்கன்ட்ரி என்றால் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், வேரும் கல்லும் கலந்த பாதையில் பல மணி நேரம் மிதிப்பது. பெரிய தாவல்களுக்கு அதில் இடமில்லை. போட்டி வீரர்கள் இப்போது பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்களுக்கு மாறிவிட்டார்கள் என்பது உண்மை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் வீரர் யாரொஸ்லாவ் குல்ஹாவி அப்படி ஒரு சைக்கிளில்தான் தங்கம் வென்றார். அதற்காக அதே பணத்துக்கு மலிவான இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிள் வாங்கினால், எடை கூடும், பராமரிக்க வேண்டிய பேரிங்குகள் கூடும், ஃபோர்க்கும் பிரேக்கும் ஒரு படி தாழும். பட்ஜெட் அளவானது என்றால் நல்ல ஹார்ட்டெயிலே சரியான தேர்வு.

தோற்றத்தை நம்புவது

தடித்த டயர், முன்னால் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் மூன்றும் இருந்தால் அது மலைச் சைக்கிள் என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. அந்தத் தோற்றத்தில் சாலைக்கு மட்டுமே செய்யப்பட்ட சைக்கிள்கள் ஏராளம். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்2043 என்ற வகைப்பாடு சைக்கிள்களைப் பயன்பாட்டை வைத்துப் பிரிக்கிறது. 1 தார்ச்சாலைக்கு. 2 சரளைப் பாதைக்கும் 15 செ.மீ. வரையிலான இறக்கத்துக்கும். 3 கரடுமுரடான பாதைக்கும் 61 செ.மீ. வரையிலான தாவலுக்கும். நமக்கு வேண்டியது 3. பல தயாரிப்பாளர்கள் இந்த எண்ணை ஃப்ரேமில் சின்ன ஸ்டிக்கராகவோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். எங்குமே இல்லை என்றால் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த சைக்கிளைப் பார்க்கலாம்.

அளவு

இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று, மேல்குழாய்க்கும் உடம்புக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘சைஸ் சரி’ என்று சொல்வது போதாது. இப்போதைய ஃப்ரேம்களில் மேல்குழாய் பின்னோக்கி நன்றாகச் சரிந்திருக்கும், அதனால் தவறான அளவிலும் அந்த இடைவெளி கிடைத்துவிடும். பார்க்க வேண்டியவை ரீச், ஸ்டாக் என்ற இரண்டு எண்கள். பெடல் சுழலும் அச்சிலிருந்து ஹெட்ட்யூபின் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஃப்ரேமின் முன்குழாய்) மேல்முனை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எழுந்து நின்று ஓட்டும்போது உடம்புக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை ரீச்தான் தீர்மானிக்கிறது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜ் அளவுக்கு நீளமாக இருக்கலாம். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை ஒப்பிடுங்கள்.

அளவு தவறிப் போனால் ‘ஸ்டெம் மாற்றிக்கொள்ளலாம், சீட்டை நகர்த்திக்கொள்ளலாம்’ என்று சமாதானம் சொல்வார்கள். ஏற்காதீர்கள். ஸ்டெம் என்பது ஹேண்டிலை ஃபோர்க் தண்டோடு இணைக்கும் துண்டு. 60 மி.மீ. ஸ்டெம்முக்குப் பதில் 100 மி.மீ. போட்டால் கைக்கு இடம் கிடைக்கும், ஆனால் எடை முன்சக்கரத்தின் மேல் போய், ஹேண்டில் திரும்பும் வேகமும் குறைந்துவிடும். சீட்டை முன்பின் நகர்த்துவது முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள உறவைச் சரிசெய்வதற்காக. கைநீளப் பிரச்சினைக்கு அதைப் பயன்படுத்தினால் முழங்கால்தான் வலிக்கும்.

இரண்டு அளவுக்கு நடுவே இருப்பவர்கள் தங்கள் பாதையை யோசித்து முடிவெடுக்கலாம். நெருக்கமான வளைவுகள் அதிகம் என்றால் சிறியது, வேகமான இறக்கம் அதிகம் என்றால் பெரியது. உயரம் குறைந்தவர்கள் 29 அங்குலச் சக்கரத்துக்கு அடம்பிடிக்க வேண்டாம். பொதுவாக 29 கல்லிலும் வேரிலும் எளிதாக உருண்டு போகும், மற்றவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் மிகச் சிறிய ஃப்ரேமில் 27.5 வைத்தால்தான் பெடலிலிருக்கும் பாதம் முன்சக்கரத்தில் உரசாது, ஹேண்டிலும் அளவான உயரத்தில் நிற்கும்.

ஃபோர்க் நீளம் கூடினால் நல்லது என்று நினைப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஹார்ட்டெயிலின் குணமே இதில் அடங்கியிருக்கிறது. நீளம் என்று இங்கே சொல்வது ஃபோர்க் அதிகபட்சம் அமுங்கக்கூடிய தூரத்தை. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் மேட்டில் மோதும்போது முன்னும் பின்னும் சேர்ந்து அமுங்கும். ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டுமே அமுங்குகிறது. அப்போது முழு சைக்கிளும் பின்சக்கரத்தை மையமாக வைத்து முன்னால் சாய்கிறது. ஃபோர்க் 20 மி.மீ. அமுங்கினால் ஹெட்ட்யூபின் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி செங்குத்தாகும். 140 மி.மீ. ஃபோர்க் ஆழமாக அமுங்கும் நேரத்தில், அதாவது செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது, நமக்கு நிதானம் மிக அதிகம் தேவைப்படும் அந்த நொடியில், சைக்கிளின் கோணங்கள் பல டிகிரி மாறிப்போயிருக்கும். பின்சக்கரமோ அதே வேரிலும் கல்லிலும் துள்ளிக்கொண்டிருக்கும். கிராஸ்கன்ட்ரி ஹார்ட்டெயிலுக்கு 100 முதல் 120 மி.மீ. போதும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இருக்கிற சைக்கிளில் நீளமான ஃபோர்க் போட்டு ‘மேம்படுத்த’ நினைப்பவர்களும் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஹெட்ட்யூப் வெல்டிங் மேல் விழும் சுமை கூடும், வாரண்டியும் போய்விடும்.

கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு கிராஸ்கன்ட்ரி சைக்கிள்களில் ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட்ட்யூபின் கோணம், 70, 71 டிகிரி இருக்கும். ஹேண்டில் சட்டென்று திரும்பும், இறக்கத்தில் பதற்றமாக இருக்கும். இப்போது 66 முதல் 68 வரை வருகிறது, அது நல்ல மாற்றம். 64 டிகிரி இன்னும் நல்லது என்று அந்தப் பக்கம் போவதுதான் பிரச்சினை. மெதுவான, செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் இடமும் வலமும் அலையும், நேராக வைத்திருப்பதற்கே பலம் செலவாகும். சீட் ட்யூபின் (சீட்டைத் தாங்கும் குழாய்) கோணம் 74 முதல் 76 வரை இருந்தால் ஏற்றத்தில் உடம்பு பெடலுக்கு மேலேயே நிற்கும், முன்சக்கரமும் தூக்காது.

சரி, அந்த 100 மி.மீ. ஃபோர்க்குக்குள் என்ன இருக்கிறது? தொடக்க விலைச் சைக்கிள்களில் சுருள்வில் இருக்கும். அந்த வில் ஒரு சராசரி எடைக்காகப் போடப்பட்டது. நீங்கள் 55 கிலோவோ 95 கிலோவோ இருந்தால் அது உங்களுக்கானது இல்லை. மேலே இருக்கும் ப்ரீலோட் குமிழைத் திருகினால் வில் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. தொடக்கத்தில் வில் எவ்வளவு அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே மாறும், வில்லின் விறைப்பு அப்படியே இருக்கும். காற்று ஃபோர்க்கில் ஷாக் பம்ப் வைத்து உங்கள் எடைக்கேற்பக் காற்று ஏற்றலாம். ஹெல்மெட், ஷூ எல்லாம் அணிந்து சைக்கிளில் ஏறி நிற்கும்போது மொத்த நீளத்தில் 15 முதல் 20 சதவீதம் அமுங்க வேண்டும், 100 மி.மீ. ஃபோர்க் என்றால் 15 முதல் 20 மி.மீ. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஹேண்டிலை நன்றாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். படீரென்று மேலே எகிறினால் ரீபவுண்ட் கட்டுப்பாடு (அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தைக் குறைப்பது) இல்லை என்று அர்த்தம், அந்த ஃபோர்க் ஒவ்வொரு கல்லிலும் உங்களைத் தூக்கிப் போடும். ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் லாக்அவுட் லிவர் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், ரீபவுண்ட் குமிழ் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. முக்கியமானது இரண்டாவதுதான்.

பின்னால் மாற்றலாம் என்று விட்டுவிடுவது

‘இப்போதைக்குச் சாதாரண ஃபோர்க் போதும், பிறகு நல்லது போட்டுக்கொள்கிறேன்’ என்பது நியாயமான திட்டம். ஆனால் அதற்கு ஃப்ரேம் இடம் கொடுக்க வேண்டும். இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளின் தண்டு கீழே 1.5 அங்குலமும் மேலே 1⅛ அங்குலமுமாகக் குறுகும், டேப்பர்ட் என்பார்கள். சக்கரத்தின் அச்சு 15 மி.மீ. தடிமனும் 110 மி.மீ. அகலமும் கொண்ட பூஸ்ட் த்ரூஆக்சில், அதாவது சக்கரத்தின் நடுவே ஊடுருவிச் செல்லும் தடித்த அச்சு. உங்கள் ஃப்ரேமின் ஹெட்ட்யூப் பழைய நேர்க்குழாயாக இருந்தால் அந்த ஃபோர்க் உள்ளேயே போகாது. சக்கரத்தில் பழைய 9 மி.மீ. குவிக்ரிலீஸ் இருந்தால் ஃபோர்க்கோடு முன்சக்கரத்தையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். ஃபோர்க் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஹெட்ட்யூப் டேப்பர்ட், பின்அச்சு 12×148 மி.மீ. உள்ள ஃப்ரேமாகத் தேடுங்கள். கியர் வரிசையில் ஒரு படி இறங்கி இதை வாங்குவது லாபமான பேரம்.

இதே காரணத்துக்காகப் பின்ஹப்பையும் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) பாருங்கள். 7 கியர் உள்ள மலிவான சைக்கிள்களில் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதி ஹப்பில் திருகப்பட்டிருக்கும். அந்த அமைப்பில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், கரடுமுரடான பாதையில் அச்சு வளைவது சகஜம். கேசட் என்ற பல்சக்கரத் தொகுதியைச் செருகும் ஃப்ரீஹப்பில் பேரிங் வெளிப்பக்கம் இருக்கும், அச்சு தாங்கும். ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் பிறகு போடும் எண்ணம் இருந்தால் சீட்போஸ்ட் விட்டம் 30.9 அல்லது 31.6 மி.மீ. தானா, கேபிள் உள்ளே போகத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கியருக்கு வரலாம். 21, 24 என்ற எண்ணிக்கையால் பயனில்லை. கேட்க வேண்டியது மிக இலகுவான கியர் எது என்பதே. முன்னால் 22, பின்னால் 32 பல் என்றால் விகிதம் 0.69. முன்னால் ஒரே ஒரு 32 பல் வளையம், பின்னால் 51 என்றால் 0.63. மூன்று வளையம் உள்ளதை விட ஒற்றை வளையம் ஏற்றத்துக்கு இலகுவாகிறது, முன்டெரெய்லர் (முன்வளையங்களுக்கு இடையே செயினை மாற்றும் கருவி) தொல்லையும் இல்லை. பின்டெரெய்லரில் கிளட்ச் இருந்தால் செயின் துள்ளிக் கழலாது. கண்ணுக்குத் தெரியும் டெரெய்லரை மட்டும் உயர்ந்த வரிசையில் போட்டு, ஷிஃப்டரையும் (ஹேண்டிலில் இருக்கும் கியர் மாற்றும் லிவர்) கேசட்டையும் மலிவாக வைத்திருக்கும் சைக்கிள்கள் உண்டு. கியர் துல்லியமாக மாறுவதற்கு ஷிஃப்டர் நன்றாக இருப்பதுதான் முக்கியம்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருக்கட்டும், இதில் சமரசம் வேண்டாம். டிஸ்க்கின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். தொடக்க வரிசை டிஸ்க்குகளில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருப்பார்கள். நீண்ட இறக்கத்திலும் ஈரத்திலும் தாங்கும் மெட்டல் பேடை அதில் போட முடியாது.

டயர்தான் பின்பக்கச் சஸ்பென்ஷன்

ஹார்ட்டெயிலில் பின்னால் இருக்கும் ஒரே மெத்தை டயருக்குள் இருக்கும் காற்று. 1.95 அங்குல டயரை வைத்துக்கொண்டு ஹார்ட்டெயில் முதுகை உடைக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. 2.25 முதல் 2.4 அங்குலம் போடுங்கள். பின்பக்கக் குழாய்களுக்கு நடுவே அந்த அகலத்துக்குச் சேற்றோடு சேர்த்து இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ரிம்மின் உள் அகலம் 25 முதல் 30 மி.மீ. இருந்து, டியூப்லெஸ் போடத் தகுந்ததாக இருந்தால் நல்லது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்து அதே அளவுக்குக் காற்றடிப்பது இன்னொரு தவறு. அது தாண்டக் கூடாத எல்லை, ஓட்டுவதற்கான அளவு இல்லை. 70 கிலோ எடையுள்ளவர் 29×2.3 டியூப்லெஸ் டயரில் 20 முதல் 25 பிஎஸ்ஐக்குள் தொடங்கிப் பார்க்கலாம், பின்சக்கரத்தில் முன்னதை விட இரண்டு மூன்று கூடுதலாக. உள்ளே டியூப் இருந்தால் அது ரிம்மில் நசுங்கி ஓட்டையாகும் என்பதால் இன்னும் கொஞ்சம் வேண்டும். அதிகக் காற்றில் கிடுகிடுவென ஓடிய சைக்கிள், சரியான அழுத்தத்தில் வேறு சைக்கிள் போலவே ஓடும். பல புதுச் சைக்கிள்கள் மீதான புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஃப்ரேம் எந்தப் பொருளால் ஆனது என்ற விவாதத்துக்கு இத்தனை நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல அலுமினிய ஃப்ரேம் பெரும்பாலானவர்களுக்குப் போதும். எஃகு பிடிக்கும் என்றால் அது குரோமோலி என்ற கலப்பு எஃகுதானா என்று உறுதி செய்யுங்கள், ஹைடென் எனப்படும் மலிவான எஃகு வெறும் கனம்தான். சுமாரான ஃபோர்க் மாட்டிய கார்பன் ஃப்ரேமை விட, நல்ல ஃபோர்க் மாட்டிய அலுமினியத்தையே நான் பரிந்துரைப்பேன்.

கையில் இருக்கும் முழுப் பணத்தையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஹெல்மெட், ஷாக் பம்ப், டியூப்லெஸ் திரவம் வேண்டும். ஓரளவு விலை உயர்ந்த சைக்கிள்கள் பல பெடல் இல்லாமலேயே வரும்.

பழைய சைக்கிள் வாங்குவதாக இருந்தால் ஃபோர்க்கின் பளபளப்பான கால்களை மேலிருந்து கீழ்வரை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் சீல் எண்ணெயைத் தடுத்து நிறுத்தாது. ஹெட்ட்யூபும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங் அருகே பெயின்டில் மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம், அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். செயின் தேய்மானத்தை அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, அதையும் தாண்டி ஓட்டியிருந்தால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைக் கழற்றி எண்ணெய் மாற்றும் வேலையை ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறார்கள். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். செய்ததே இல்லை என்றால், அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.